பன்ஸ்ஃபீல்டு கிடங்குத் தீ, 2005: நுரை கலந்த தீயணைப்பு நீர் எங்கே போனது? (நிகழ்வு ஆய்வு)

லண்டனுக்கு வடமேற்கே, ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டியுள்ள பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அன்று தொடங்கிய தீ ஐந்து நாளில் அணைந்தது. அதை அணைத்த தண்ணீரின் கணக்கு பல ஆண்டுகள் இழுத்தது. வெடிப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. தீயணைப்பு நுரை கலந்த கழிவுநீரை யார், எப்படி, எதற்காகப் பிடித்துவைத்தார்கள், அது எந்த வழிகளில் தப்பியது, பிடித்த நீரை என்ன செய்ய முடியும் என்பவற்றை மட்டும் இங்கே பார்க்கிறோம்.

இடமும் அதன் அடியில் இருந்த பாறையும்

1968-இல் தொடங்கிய கிடங்கு அது. குழாய்வழியே பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் வந்து இறங்கும். லாரிகளிலும் குழாய்களிலும் வெளியே போகும். ஒரே வளாகத்தில் பல நிறுவனங்களின் தொட்டிகள் இருந்தன. தொட்டிகளைச் சுற்றி கான்கிரீட் டைக் சுவர்கள். தொட்டி உடைந்தால் எரிபொருள் வெளியே ஓடாமல் நிறுத்துவது அவற்றின் வேலை.

தரைக்குக் கீழே களிமண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் கலந்த ஒரு அடுக்கு. அதற்கும் கீழே வெண்சுண்ணப் பாறை. இந்தப் பாறை விரிசல்கள் நிறைந்தது. அந்த விரிசல்களில் தேங்கும் நீர்தான் அந்த வட்டாரத்தின் முக்கியமான குடிநீர். மேலே உள்ள களிமண் ஓரளவு காப்பு தரும். ஆனால் சாலையோர மழைநீரை மண்ணுக்குள் இறக்க வெட்டிய உறிஞ்சுகுழிகள் அந்தக் காப்பைத் துளைத்துக்கொண்டு போகின்றன. சாதாரண நாளில் அவை நல்ல ஏற்பாடு. நுரைநீர் ஓடும் நாளில் அவையே நிலத்தடி நீருக்குப் போகும் நேர்வழி.

தொட்டி நிரம்பி வழிந்தது

சனிக்கிழமை மாலை 7 மணியிலிருந்து 912 எண் தொட்டிக்குள் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் மட்டம் காட்டும் கருவி அப்படியே நின்றுவிட்டது. கடைசிக் காவலாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் செயல்படவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பூட்டிவைக்க வேண்டிய பூட்டு மாட்டப்படவில்லை. 5.37 வாக்கில் தொட்டி வழியத் தொடங்கியது. காலை 6.01-க்கு ஆவிமேகம் வெடித்தது. 20-க்கும் மேற்பட்ட பெரிய தொட்டிகள் எரிந்தன. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிரிழப்பு இல்லை.

நுரை அடிப்பதைத் தள்ளிவைத்த இரவு

எரியும் பெட்ரோலை வெறும் தண்ணீரால் அணைக்க முடியாது. தண்ணீர் எடை கூடியது, கீழே இறங்கிவிடும். பெட்ரோல் மேலே மிதந்து எரியும். அதனால் நுரை மூலத்திரவத்தைத் தண்ணீரில் 3 அல்லது 6 சதவீதம் கலந்து, காற்றையும் சேர்த்து, எரிபொருளின் மேல் போர்வையாகப் பரப்ப வேண்டும். இத்தனை தொட்டிகளுக்கு வேண்டிய நுரை எந்த ஒரு தீயணைப்பு நிலையத்திலும் இல்லை. நாடெங்கிலுமிருந்து, தொழிற்சாலைகளின் இருப்பிலிருந்தும்கூட, திரட்ட வேண்டியிருந்தது. திரட்டியவை ஒரே வகையாக இல்லை. சிலவற்றில் பிஎஃப்ஓஎஸ் (PFOS) எனப்படும், இயற்கையில் சிதையாத நச்சுப் புளோரின் சேர்மம் இருந்தது. அதன் பெரிய உற்பத்தியாளர் 2000-ஆம் ஆண்டிலேயே கைவிடுவதாக அறிவித்துவிட்ட பொருள்தான். ஆனால் நுரை மூலத்திரவம் பத்து இருபது ஆண்டு கெடாமல் இருக்கும். பழைய இருப்பு அப்படியே காத்திருந்தது.

ஞாயிறு நள்ளிரவில் தொடங்கியிருக்க வேண்டிய பெரிய நுரைத் தாக்குதல் திங்கள் காலை 8.20-க்குத்தான் தொடங்கியது. ஆறுகளுக்கும் குடிநீர் ஆதாரங்களுக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்ததே காரணம். தீயணைப்புத் துறை, காவல்துறை, சுற்றுச்சூழல் முகமை எல்லாம் ஒரே கட்டளை மேசையில் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தக் கேள்வி உரிய நேரத்தில் எழுந்தது. அவர்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று, எரிந்து தீரட்டும் என்று விடுவது. தண்ணீர் மாசு குறையும். ஆனால் எரியாத தொட்டிகளும் பற்றும் அபாயம் நாள்கணக்கில் நீடிக்கும். கரும்புகை தென் இங்கிலாந்து முழுவதும் பரவும். இரண்டு, உடனே நுரை அடிப்பது. தீ சீக்கிரம் அடங்கும், ஆனால் கழிவுநீர் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று, சில மணிநேரம் எடுத்துக்கொண்டு வழிந்தோடும் பாதைகளை அடைத்து, தேங்கும் நீரை மறுபடி பம்ப் செய்து பயன்படுத்த ஏற்பாடு செய்துவிட்டுத் தொடங்குவது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தீயணைப்பு வீரருக்கு இது எளிதில் ஒப்புக்கொள்ளும் முடிவு கிடையாது. தீ கண்முன் எரியும்போது காத்திருப்பது அவருடைய பயிற்சிக்கே எதிரானது. ஆனாலும் இந்த நிகழ்வில் எடுக்கப்பட்டவற்றில் இதுவே மிகச் சரியான முடிவு. நுரை அடிக்கத் தொடங்கியபோது நிமிடத்துக்கு 32,000 லிட்டர் வீதம் நான்கு மணிநேரத்துக்கு மேல் பாய்ந்தது. அந்த நான்கு மணிநேரக் கணக்கு மட்டுமே 75 லட்சம் லிட்டரைத் தாண்டும். வழியை அடைக்காமல் அவ்வளவையும் விட்டிருந்தால் பிறகு பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. நண்பகலுக்குள் பாதித் தீ அடங்கிவிட்டது.

முடிவில் ஆன செலவு: 7.86 லட்சம் லிட்டர் நுரை மூலத்திரவம், 6.8 கோடி லிட்டர் தண்ணீர். இந்தத் தண்ணீரில் 5.3 கோடி லிட்டர் புதிது, 1.5 கோடி லிட்டர் ஏற்கனவே பயன்படுத்தித் தேங்கியதை மீண்டும் எடுத்தது. மறுசுழற்சியால் அந்த 1.5 கோடி லிட்டர் அளவுக்குக் கூடுதல் கழிவு உருவாகாமல் போனது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. திரும்ப எடுத்த நீரில் எரிபொருளும் பழைய நுரையும் இருக்கும். வடிகட்டிகள் அடைபடும், கலப்பு விகிதம் தவறும். குளிர்விக்கும் பணிக்கு அதைப் பயன்படுத்தலாம். நுரை தயாரிக்கும் வரிசைக்கு முடிந்தவரை புதுநீரே நல்லது.

சுவர்கள் ஒழுகிய இடங்கள்

டைக் சுவர்கள் நின்றன. ஆனால் நீரைத் தாங்கவில்லை. ஒழுகல் மூன்று வகையான இடங்களில் நடந்தது.

முதலாவது, சுவரின் விரிவு இணைப்புகள். கான்கிரீட் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க இடம் விட்டு, அந்த இடைவெளியை ரப்பர் போன்ற பசையால் அடைத்திருப்பார்கள். அந்தப் பசை தீயில் உருகிப் போனது. உள்ளே உலோகத் தகடு பதித்திருந்தால் பசை போனாலும் நீர் நின்றிருக்கும். தகடு இல்லாத இணைப்புகள் வாயைத் திறந்துவிட்டன. இரண்டாவது, குழாய்கள் சுவரைத் துளைத்துப் போகும் இடங்கள். குழாய் சூட்டில் அசைந்ததும் சுற்றியிருந்த அடைப்பு கழன்றது. மூன்றாவது வகை யாரும் எதிர்பார்க்காதது. கான்கிரீட் ஊற்றும்போது இரு பக்கப் பலகைகளையும் இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் குறுக்கே போகும். பிறகு அந்தத் துளைகளை அடைத்துவிடுவார்கள். அந்த அடைப்புகளும் தீயில் போய், சுவர் நெடுகிலும் சிறுசிறு ஊற்றுகள் கிளம்பின.

இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு அடிப்படைக் குறை இருந்தது. டைக்கின் கொள்ளளவுக்கு அப்போது இருந்த வழக்கமான விதி, உள்ளிருக்கும் பெரிய தொட்டியின் 110 சதவீதம். அது தொட்டி உடைந்து எண்ணெய் கொட்டுவதை மட்டும் நினைத்துப் போட்ட எண். அதே டைக்குக்குள் பல மணிநேரம் தீயணைப்பு நீரையும் ஊற்றினால் அந்தக் கூடுதல் 10 சதவீதம் எந்த மூலைக்கு? டைக்கைத் தாண்டியதைப் பிடிக்க வளாகத்தில் இருந்த வடிகால்கள் மழைநீருக்கும் சின்னச் சின்னச் சிந்தல்களுக்கும் போட்டவை. எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் உதவாது. எண்ணெயையும் நீரையும் ஒட்டவைப்பதுதான் நுரையின் குணம். நுரை கலந்தால் எண்ணெய் மேலே மிதந்து பிரியாது, பால்போல் கலங்கி நீரோடு சேர்ந்தே வெளியேறும்.

வெளியேறியது அருகிலிருந்த சாலைகளில் தேங்கியது. அங்கிருந்து சாலையோர வடிகால்கள், உறிஞ்சுகுழிகள், கடைசியாகச் சுண்ணப்பாறை. பின்னர் தோண்டிய கண்காணிப்புக் கிணறுகளில் எரிபொருள் சேர்மங்களும் பிஎஃப்ஓஎஸ்ஸும் கிடங்கின் அடியிலும் வெளியே சுற்றுவட்டாரத்திலும் தென்பட்டன. ஒரு குடிநீர் இறைப்பு நிலையம் முன்னெச்சரிக்கையாக நிறுத்தப்பட்டது.

லாரியில் ஏறிய 2.2 கோடி லிட்டர்

தீ அணைந்த பிறகு டைக்குகளிலும் பள்ளங்களிலும் நின்ற கழிவுநீரை டேங்கர் லாரிகளில் ஏற்றி வெளியே கொண்டுபோனார்கள். மொத்தம் சுமார் 2.2 கோடி லிட்டர். 20,000 லிட்டர் லாரி என்று வைத்துக்கொண்டால் 1,100 நடை. உள்ளே போன 5.3 கோடியோடு இதை ஒப்பிட்டால் மீதி மூன்று கோடிக்கும் மேல். அதில் ஒரு பங்கு தீயின் சூட்டில் ஆவியாகியிருக்கும். மற்றது மண்ணுக்குள் போயிருக்கும்.

இந்த வேலையில் வழக்கமாகத் தவறும் சில விஷயங்களை இங்கே சொல்லிவிடலாம். வேக்யூம் லாரியில் நுரைநீரை வேகமாக உறிஞ்சினால் தொட்டிக்குள் நுரை பொங்கி, கால்பங்கு நிரம்பும் முன்பே மிதவை மேலே ஏறி உறிஞ்சல் நின்றுவிடும். இல்லையென்றால் நுரை பம்ப்புக்குள் போகும். மெதுவாக, தொட்டியின் அடிப்பக்கத்திலிருந்து நிரப்ப வேண்டும். நுரை அடக்கும் திரவத்தைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதிகம் சேர்த்தால் பின்னால் சுத்திகரிப்பில் மாசைப் பிடிக்கும் கரி அடைபடும். தரையில் கிடக்கும் நுரையைத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளிவிடும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அது ஒரு லிட்டர் கழிவைப் பத்து லிட்டர் ஆக்கும். நுரை தானாக அமரக் காத்திருந்து, அமர்ந்ததை உறிஞ்சுவதே சரி. ஆற்றில் போடும் மிதவைத் தடுப்பு எண்ணெயை நிறுத்தும். கரைந்த பிஎஃப்ஓஎஸ்ஸை நிறுத்தாது. மாதிரி எடுக்கும் புட்டி பாலிஎத்திலீனாக இருக்க வேண்டும். டெஃப்லான் பூசிய மூடியோ குழாயோ பட்டால் முடிவை நம்ப முடியாது. டெஃப்லானும் அதே புளோரின் குடும்பம்தான்.

லாரி நீர் போய்ச்சேர்ந்த இடங்களில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இருந்தன. அங்கே பெரிய தொட்டிகள் உண்டு, வேலியும் காவலும் உண்டு. சேமித்துவைக்க மட்டும் என்றால் நியாயமான தேர்வு. ஆனால் அந்த நிலையத்தின் சுத்திகரிப்பு முறை பிஎஃப்ஓஎஸ்ஸை ஒன்றும் செய்யாது. நுண்ணுயிர்களால் அதன் கார்பன்–புளோரின் பிணைப்பை உடைக்க முடியாது. உள்ளே போனது ஆற்றுநீரிலும் கசடிலும் அப்படியே வெளியே வரும். இந்த ஆபத்து 2006-இல் நிஜமாயிற்று. ஒரு நிலையத்தில் சேமித்திருந்த கழிவுநீரில் சுமார் 8 லட்சம் லிட்டர் தவறுதலாகக் கோல்ன் ஆற்றில் போய்ச் சேர்ந்தது. அவசர நாள்களில் அத்தனை சிரமப்பட்டுப் பிடித்த நீரில் ஒரு பகுதி, அவசரமே இல்லாத நாளில் கைநழுவியது.

பிடித்த நீரை என்ன செய்வது

ஒரு கணக்கு போட்டால் அளவு புரியும். பழைய நுரை மூலத்திரவத்தில் பிஎஃப்ஓஎஸ் ஒரு சதவீதம் என்று கொள்வோம். ஒரு லிட்டரில் 10 கிராம். லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் என்ற குடிநீர் வரம்புக்கு இறங்கும்வரை அதை நீர்த்துப்போகச் செய்ய 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும். ஆகவே கலந்து கரைத்துவிடுவது என்ற வழி இங்கே இல்லை.

முதலில் எண்ணெயும் வண்டலும் போக வேண்டும். நுரை கலந்த எண்ணெய் தானாகப் பிரியாது என்பதால் ரசாயனம் சேர்த்துத் திரட்டி, நுண்காற்றுக் குமிழிகளால் மேலே மிதக்கவிட்டு வழிப்பார்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் அடுத்தடுத்த கட்டங்கள் எல்லாம் கெடும்.

பிறகு ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது மாசை ஈர்த்துப் பிடிக்கும் கரி. பிஎஃப்ஓஎஸ் போன்ற நீண்ட சங்கிலிச் சேர்மங்களைக் கரி நன்றாகப் பிடிக்கும்; குறுஞ்சங்கிலி வகைகளை அவ்வளவாகப் பிடிக்காது. எரிபொருள் மிச்சமும் நுரையின் மற்ற சோப்புப் பொருள்களும் கரியில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சாதாரண நிலத்தடி நீரில் மாதக்கணக்கில் உழைக்கும் கரி, தீயணைப்பு நீரில் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு கரித்தொட்டிகளைத் தொடராக வைத்து, இரண்டுக்கும் நடுவில் மாதிரி எடுக்க வேண்டும். நடுமாதிரியில் பிஎஃப்ஓஎஸ் தலைகாட்டியதும் முதல் தொட்டியின் கரியை மாற்றி, இரண்டாவதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி வெளியேற்றத்தில் மட்டும் சோதிப்பவருக்கு விஷயம் தெரியும்போது நீர் ஏற்கனவே வெளியே போயிருக்கும்.

ஆர்.ஓ. சவ்வு 99 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. போலவே இங்கும் ஒதுக்குநீர் உண்டு. 2.2 கோடி லிட்டரில் 15 சதவீதம் ஒதுங்கினால் 33 லட்சம் லிட்டர் அடர்கழிவு கையில் நிற்கும். அதையும் கரியிலோ ரெசினிலோ (மாசைப் பிடிக்கும் பிசின் மணிகள்) ஏற்றி, கடைசியில் எங்கோ அழித்தாக வேண்டும்.

அழிப்பது என்பது கார்பன்–புளோரின் பிணைப்பை உடைப்பது. அபாயக் கழிவு எரிஉலையில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல், போதிய நேரம் நிறுத்தி எரிக்க வேண்டும்; உண்டாகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வாயுவைக் கழுவிப் பிடிக்க வேண்டும். வெப்பம் குறைந்தால் பெரிய மூலக்கூறு சின்னச் சின்ன புளோரின் சேர்மங்களாகி புகைபோக்கி வழியே ஊருக்குள் பரவும். இந்தச் சந்தேகத்தால்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2022-இல் தன் நுரை இருப்பை எரிப்பதை நிறுத்திவைத்தது. 374 டிகிரிக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலே நீரை வைத்து அதில் ஆக்சிஜனேற்றம் செய்யும் முறை இப்போது வந்திருக்கிறது. அடர்த்தியான சிறு அளவுக்கு அது பொருந்தும். கோடி லிட்டர் நீர்த்த கழிவுக்கு முதலில் அடர்த்தியாக்கும் வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

வழக்கு, செலவு, வரம்பு

2010 ஜூலையில் செயின்ட் ஆல்பன்ஸ் கிரவுன் நீதிமன்றம் ஐந்து நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. வழக்குச் செலவும் சேர்த்து மொத்தம் சுமார் 95 லட்சம் பவுண்டு. இதில் நிலத்தடி நீரை மாசுபடுத்திய குற்றத்துக்கான அபராதமும் அடங்கும். விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை மொத்தப் பொருளாதார இழப்பை 89.4 கோடி பவுண்டு என்று கணக்கிட்டது. அந்தப் பட்டியலில் குடிநீர்ப் பாதிப்பின் பங்கு வெறும் 20 லட்சம். இந்த எண்ணைக் காட்டி மாசு சிறியது என்று சொல்வதை நாம் ஏற்கவில்லை. ஒரு நீர்ப்படுகையை எத்தனை ஆண்டுக்குக் கண்காணிக்க வேண்டும் என்பது அந்தப் பட்டியல் தயாரானபோது தீர்மானமாகாத விஷயம்.

பிஎஃப்ஓஎஸ்ஸை ஐரோப்பிய ஒன்றியம் 2006 டிசம்பரில் தடைசெய்தது. அந்த மாதம் 27-ஆம் தேதிக்கு முன் சந்தைக்கு வந்துவிட்ட நுரையை மட்டும் 2011 ஜூன் 27 வரை பயன்படுத்த விட்டது. 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலும் பிஎஃப்ஓஎஸ் சேர்ந்தது.

இன்று இதே நடந்தால் மாற வேண்டியவை

டைக் சுவர் விஷயத்தில் பிரிட்டன் பாடம் படித்துவிட்டது. பிரிட்டனின் கட்டுமானத் துறை ஆய்வு அமைப்பான சிரியா (CIRIA) 2014-இல் வெளியிட்ட சி736 வழிகாட்டி, கொள்ளளவைக் கணக்கிடும்போது தீயணைப்பு நீர், மழை, நுரையின் உயரம் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்கிறது. பழைய சுவர்களில் செய்ய வேண்டியது எளிய வேலைதான்: இணைப்புகளின் மேல் எஃகுத் தகடு பொருத்தி, தீ தாங்கும் பசை பூசுவது, குழாய்களைச் சுவரைத் துளைக்காமல் மேலே ஏற்றிக் கொண்டுபோவது, கம்பித் துளைகளைத் தேடி அடைப்பது. வளாகத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு உறிஞ்சுகுழியையும் வரைபடத்தில் குறித்து, மூடுவதற்கான தகடுகளையும் களிமண் பைகளையும் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். நெருப்பு எரியும் இரவில் குழியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நுரையை மாற்றுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. புளோரின் இல்லாத நுரை பெட்ரோல், டீசல் தீக்கு வேலை செய்யும்; ஆனால் பல வகைகளுக்குப் பாய்ச்சும் வீதம் கூட வேண்டும், திரவம் கெட்டியாக இருப்பதால் கலப்புக் கருவியைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். பழைய தொட்டியைக் காலி செய்து புது நுரையை ஊற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் சில மாதம் கழித்துச் சோதித்தால் பிஃபாஸ் (PFAS: பிஎஃப்ஓஎஸ் அடங்கிய புளோரின் சேர்மக் குடும்பம்) மறுபடி தென்படும். சுவரிலும் குழாயிலும் படலமாக ஒட்டியது மெல்ல மெல்லக் கரைந்து வருகிறது. மூன்று முறையாவது அலச வேண்டும். முட்டுக்குழாய்கள் (ஒரு முனை அடைபட்ட குழாய்கள்), வால்வுகள், ரப்பர் பைத்தொட்டிகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரப்பர் பையை மாற்றிவிடுவதே மேல். அலசிய நீரும் நுரைக்கழிவுதான். அதையும் பீப்பாயில் அடைத்து முத்திரையிட வேண்டும்.

சேமிப்பிடத்தில் நுரைநீர் உள்ள தொட்டியின் வெளியேற்ற வால்வை மூடுவதோடு நிறுத்தாமல், குழாயையே கழற்றி முனையில் தகடு போட்டு அடைக்க வேண்டும். மூடிய வால்வை யாராவது திறக்க முடியும். தொட்டியின் மேல் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யாரைக் கேட்காமல் தொடக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். மட்டத்தைத் தினமும் அளந்து எழுத வேண்டும். ஒரு அங்குலம் இறங்கினாலும் அன்றைக்கே காரணம் தேட வேண்டும்.

எந்த நுரை, எந்தத் தயாரிப்பு, எந்தத் தொகுதி எண், எத்தனை லிட்டர், எந்தத் தொட்டிமேல் அடித்தோம் என்ற பதிவைத் தீயணைப்பு நடக்கும்போதே ஒருவர் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பல இடத்துச் சரக்கு கலந்தது. எதில் பிஎஃப்ஓஎஸ் இருந்தது என்று பின்னால் தேடுவதைவிட பீப்பாயில் உள்ள முத்திரையைப் படம் எடுத்துவைப்பது மலிவு. ஆய்வக அறிக்கைகளில் கண்டறியும் வரம்பையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். பன்ஸ்ஃபீல்டுக்குப் பிறகு குடிநீரில் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு முதலில் சொல்லப்பட்ட அளவு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். 2021-இல் அது 0.1 ஆனது. ‘கண்டறியப்படவில்லை’ என்று மட்டும் எழுதிய 2006-ஆம் ஆண்டு அறிக்கையை வைத்து, அந்தக் கிணறு இன்றைய வரம்பில் தேறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.